கணக்குத் தேர்வு முடிந்த பிற்பகல்

பங்குனி வெயிலில் அண்ணாமலையின் பாறைகள் சுடத் தொடங்கும் நாட்களில்தான் ஆண்டுதோறும் பொதுத்தேர்வுகளும் வருகின்றன. காலை 10 மணிக்குத் தொடங்கும் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வு பிற்பகல் 1.15 மணிக்கு முடிகிறது. அதன்பின் அரை மணி நேரம், பள்ளி வாயில்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் ஒரே காட்சிதான். வினாத்தாளை மிதிவண்டி இருக்கையின்மேல் விரித்து வைத்து, "ஒன்பதாவதுக்கு என்ன போட்டாய்? 'ஆ'வா, 'ஈ'யா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் மாணவர்கள். ஒரு விடை ஒத்துப்போனால் முகம் மலர்கிறது, ஒத்துப்போகாவிட்டால் வாடுகிறது.

அந்த மாணவர்களில் சிலர் வீட்டுக்குப் போவதில்லை. சீருடையோடும் தேர்வு அட்டையோடும் நேராக மருத்துவமனை வார்டுக்கு வருகிறார்கள். அவர்களுடைய தந்தையோ தாயோ பாட்டியோ இங்கே படுக்கையில் இருக்கிறார். படுத்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "கணக்கு எப்படி எழுதினாய்?" என்பது. பிள்ளை சொல்லும் பதில், "நன்றாக எழுதினேன்" என்பது. இரண்டுமே அன்பினால் பிறந்தவை. ஆனால் நோயாளரை வருத்தக்கூடாது என்று பிள்ளை மறைக்கும் பயத்தை யாரிடம் சொல்லும்? வினாத்தாளைக் கையில் மடித்தபடி நடைக்கூடத்தில் தனியே அமர்ந்திருக்கும் பிள்ளைகளைத் தேர்வுக் காலங்களில் நாங்கள் கண்டிருக்கிறோம். இக்கட்டுரை அவர்களையும், அவர்களுக்காகக் கவலைப்படும் உங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

ஒப்பிடுவதால் தெரிவது எவ்வளவு?

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளின் அமைப்பைச் சற்றுப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்களில் 14இல் 10 எழுதவேண்டும். ஐந்து மதிப்பெண் வினாக்களிலும் அவ்வாறே. எஞ்சியவை எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு. ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். ஆகமொத்தம் 100. தேர்ச்சிக்கு வேண்டியது 35.

வாயிலில் நின்று மாணவர்கள் ஒப்பிடுவது பெரும்பாலும் ஒரு மதிப்பெண் விடைகளைத்தான். அவற்றின் மொத்த மதிப்பே 14தான். அதில் மூன்று தவறிப்போனால் இழப்பு மூன்று மதிப்பெண். ஆனால் அந்த மூன்றைக் கண்டதும் முழுத் தேர்வும் பாழாகிவிட்டது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. பெரிய வினாக்களிலோ ஒருவர் தேர்ந்தெடுத்த பத்தும் மற்றவர் தேர்ந்தெடுத்த பத்தும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மேலும், கணிதத்தில் இறுதி விடைக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. சூத்திரத்துக்கும் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டலில் ஒரு பிழை நேர்ந்து கடைசி எண் மாறியிருந்தாலும், சரியாகச் செய்த படிகளுக்கான மதிப்பெண் வீணாவதில்லை.

தேர்ச்சி பெறுவோமா என்றே அஞ்சும் பிள்ளைக்கு இன்னொரு கணக்கு உண்டு. வடிவியலும் வரைபடமும் சரியாக அமைந்தால் 16. ஒரு மதிப்பெண் வினாக்களில் எட்டு சரியென்றால் 24. இரண்டு மதிப்பெண் வினாக்கள் மூன்று, ஐந்து மதிப்பெண் வினா ஒன்று, 35 வந்துவிடுகிறது. அச்சம் சொல்லும் கணக்கைவிடத் தாளில் எழுதிப் பார்க்கும் கணக்கு பெரும்பாலும் கருணையுடையது.

இந்தக் கவலை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தில் பதினாறு வயது மாணவர்கள் எழுதிய கணிதத் தேர்வில், ஹன்னா என்ற பெண்ணின் பையிலுள்ள மிட்டாய்களைப் பற்றிய ஒரு நிகழ்தகவு வினா வந்தது. தேர்வு முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் சமூக ஊடகங்களில் அதைப் பற்றியே புலம்பினர். நாளிதழ்களிலும் அது செய்தியாயிற்று. அவ்வினாவின் முதற்பகுதி ஓர் இருபடிச் சமன்பாட்டை நிறுவச் சொன்னது. இரண்டாம் பகுதி அதே சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னது. சமன்பாடு வினாத்தாளிலேயே அச்சிடப்பட்டிருந்ததால், முதற்பகுதி வராதவரும் இரண்டாம் பகுதியைச் செய்திருக்க முடியும். ஒரு கதவு மூடியிருந்தால் அடுத்த கதவும் மூடியிருக்கும் என்று பதற்றம் நம்பவைக்கிறது. உண்மை பல நேரங்களில் வேறாக இருக்கிறது.

உடல் சொல்லும் செய்தி

பதற்றம் மனத்தோடு நிற்பதில்லை. அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகள் மிகும்போது நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது, பசி அடங்குகிறது, உறக்கம் கலைகிறது. தேர்வுக் காலத்தில் வரும் வயிற்றுவலியும் தலைவலியும் நடிப்பல்ல. அவை உண்மையான வலிகளே. சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளிடம் கூடுதல் கவனம் தேவை. பதற்றம் இரத்தச் சர்க்கரையை உயர்த்தலாம். இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தவிர்த்தாலோ அது ஆபத்தான அளவுக்குத் தாழலாம். தேர்வு நாளிலும் வேளைக்கு உணவு, வேளைக்கு மருந்து என்ற ஒழுங்கு மாறக்கூடாது.

உறக்கத்தையும் குறைக்காதீர்கள். பகலில் படித்தவை மனத்தில் நிலைபெறுவதற்கு இரவு உறக்கம் துணைசெய்கிறது. கணக்குத் தேர்வை எண்ணி விழித்திருக்கும் இரவு, அடுத்து வரும் அறிவியல் தேர்வுக்கான இரவும் ஆகும்.

வீட்டார் செய்யக்கூடியவை

தேர்வெழுதி வந்த பிள்ளையிடம் முதலில், "சாப்ட்டியா கண்ணு?" என்று கேளுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சை அவர்களே தொடங்கட்டும். தொடங்கினால், இடைமறிக்காமல் கேளுங்கள். "அடுத்த வீட்டுப் பிள்ளை என்ன போட்டானாம்?" என்ற கேள்வியைத் தவிருங்கள். மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசே 2017இல் கைவிட்டது. அரசு விட்ட பட்டியலை நாம் வீட்டில் தொடரவேண்டியதில்லை. பிள்ளை வினாத்தாளைச் சரிபார்த்தே தீருவேன் என்றால், ஒருமுறை, ஆசிரியரோடு அமர்ந்து பார்க்கட்டும். பின்பு எல்லாத் தேர்வுகளும் முடியும்வரை அது மூடியே இருக்கட்டும்.

படுக்கையில் இருக்கும் நோயாளருக்கும் இதில் பங்கு உண்டு. "என் உடம்பு இப்படி ஆனதால்தான் உன் படிப்பு கெட்டது" என்று சொல்லாதீர்கள். பிள்ளையின் சுமையில் அது இன்னொன்றாகச் சேரும். "பயமாக இருந்தால் என்னிடம் சொல்லலாம், அதனால் என் நோய் கூடிவிடாது" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மறைப்பதற்குக் காரணமில்லை என்று தெரிந்தால் பிள்ளை தானே வாய் திறக்கும்.

தேர்வில் தவறினாலும் ஆண்டு வீணாவதில்லை. முடிவு வெளியான சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடைபெறுகிறது. அதில் தேர்ச்சி பெற்று அதே கல்வியாண்டில் மேல்வகுப்பில் சேரும் மாணவர்கள் பலர். இதை முடிவு வந்தபின் ஆறுதலாகச் சொல்வதைவிட, முடிவுக்கு முன்பே வீட்டில் பேசிவைப்பது நல்லது.

உதவி நாடவேண்டிய நேரம்

சில நாட்களில் தணியும் கவலை இயல்பானது. ஆனால் பிள்ளை தொடர்ந்து உண்ணாமலும் உறங்காமலும் இருந்தால், நண்பர்களைத் தவிர்த்தால், தனக்குப் பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்தால், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பது போலப் பேசினால், அதைச் சாதாரணமாக எண்ணிக் கடந்துவிடக்கூடாது. "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேரடியாகவும் கனிவாகவும் கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை. சொல்ல முடியாமல் தவிப்பவருக்கு அக்கேள்வி ஒரு வழியைத் திறக்கிறது. ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

தமிழக அரசின் "நட்புடன் உங்களோடு" மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணிலும், மருத்துவ உதவிச் சேவையை 104 என்ற எண்ணிலும் கட்டணமின்றி அழைக்கலாம். பெற்றோரும் அழைக்கலாம், பிள்ளைகள் தாமாகவும் அழைக்கலாம். வார்டில் இருக்கும் குடும்பத்தினர் பணியிலுள்ள செவிலியரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். நோயாளருக்காக வந்த இடத்தில் பிள்ளைக்காகக் கேட்பதா என்று தயங்கவேண்டாம். அதற்கும் சேர்த்தே நாங்கள் இங்கிருக்கிறோம்.