ஆட்சி போன அரண்மனையில் சேர்ந்த ஏடுகள்

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் உள்ள சரசுவதி மகால் நூலகம், நாயக்க மன்னர்களின் சொந்த ஏட்டுக் கருவூலமாகத் தொடங்கியது. அப்போது அதன் பெயர் சரஸ்வதி பண்டாரம். பின்னால் வந்த மராட்டியரும் அதைப் பேணினார்கள். ஆனால் அதைப் பெருநூலகமாக்கியவர் இரண்டாம் சரபோஜி (1798–1832).

அவர் கையில் நாடு இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 1799 ஒப்பந்தத்தோடு நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போய்விட்டது. கோட்டையும் நில வருவாயில் ஒரு பங்கும் மட்டுமே மிஞ்சின. படையும் வரிவசூலும் இல்லாத மன்னருக்குப் பொழுது நிறைய இருந்தது. சுவார்ட்ஸ் பாதிரியாரின் மாணவரான அவர் ஐரோப்பாவிலிருந்து நூல்களை வரவழைத்தார். பலவற்றில் அவருடைய கையொப்பம் இன்றும் இருக்கிறது. காசி யாத்திரை போனபோதும் சுவடி திரட்டினார்.

இங்குள்ள சுவடிகள் ஏறத்தாழ 49,000. தஞ்சாவூர் என்றதும் எல்லாம் தமிழ் என்று நினைக்க வேண்டாம்: பெரும்பகுதி வடமொழி, தமிழ் சில ஆயிரமே. அரண்மனையின் அன்றாட நடப்பைச் சொல்லும், மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்து ஆவணங்கள் தனிக் கட்டுகளாக உள்ளன.

ஓலைச்சுவடியைக் காப்பது தூசி தட்டுவதோடு முடிவதில்லை. ஓலை முறியாமல் வளைய புல்தைலம் தடவுகிறார்கள். எழுத்தாணி கீறிய வரி மங்கினால் கரி பூசித் துடைக்க, பள்ளத்தில் மட்டும் கருமை நிற்கும். பூச்சி அண்டாமலிருக்க வசம்பு, கிராம்பு, மிளகு, கருஞ்சீரகம், பட்டை, கற்பூரம் இடித்துக் கட்டிய சிறு முடிச்சு வைக்கிறார்கள்.

1855இல் கடைசி மன்னர் ஆண் வாரிசின்றி மறைய, எஞ்சியிருந்த அரசுரிமையும் கம்பெனியிடம் போயிற்று. பர்னெல் என்ற ஆங்கிலேயர் தயாரித்த வடமொழிச் சுவடி அட்டவணை 1880இல் வெளிவந்தது. 1918 அக்டோபர் 5 அன்று சரசுவதி மகால் பொது நூலகமாயிற்று. வியன்னாவில் பரோக் பாணியில் எழுந்த ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் நூலகமும் அதே 1918இல் பேரரசு சரிந்த பிறகே குடியரசின் சொத்தானது. சரசுவதி மகாலை மத்திய அரசு 1983இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது.

சுவடிகளைப் புரட்ட ஆய்வாளர்களுக்கே அனுமதி. மற்றவர்களுக்குக் காட்சிக்கூடம் இருக்கிறது. சுவடிகளிலிருந்து நூலகமே பதிப்பித்த மருத்துவம், இசை, சோதிட நூல்கள் அங்கேயே விற்பனைக்குக் கிடைக்கின்றன.