வழங்கிக்கு இரு வாயில்

சிறு வணிக நிலையங்களின் கணக்கேடுகள் இரும்புப் பெட்டியில் இருந்த காலம் உண்டு. இன்று அவை ஒரு கணினியில் இருக்கின்றன. பிற கணினிகள் கேட்குந்தோறும் கோப்புகளை எடுத்துத் தருவதால் அதனை ‘வழங்கி’ என்பர். கடைத்தெருப் பேச்சில் ‘சர்வர்’. அதனைக் கம்பியோடு இணைக்கும் உறுப்பே பிணைய அட்டை. (அட்டை என்றதும் தோட்டப்புறத்தார் காலைத் தடவிப் பார்க்க வேண்டுவதில்லை.) முன்னர்த் தனித்தகடாகச் செருகப்பட்ட இவ்வுறுப்பு இப்பொழுது பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பதிந்து வருகின்றது, ஆயினும் பெயர் மாறவில்லை.

ஒரு வழங்கிக்கு இரண்டு அட்டைகள் எதற்கு? 500 ஜிகாபைட் அளவுள்ள கோப்புகளுக்குக் காப்புப்படி எடுப்பதாகக் கொள்வோம். நொடிக்கு 1,000 மெகாபிட் செல்லும் கம்பியில் 125 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. ஆகவே, தடையேதுமின்றி ஓடினாலும் ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். அவ்வளவு நேரமும் விலைப்பட்டியல் எழுதும் எழுத்தர் திரையைப் பார்த்துக் காத்திருக்க நேரும். காப்புப்படிக்கெனத் தனி அட்டையும் தனிக் கம்பியும் இருந்தால் இந்நெரிசல் பெரிதும் தீரும்.

ஆனால் பலர் அட்டையை வாங்கிப் பொருத்துவதோடு வேலை முடிந்ததென எண்ணிவிடுகின்றனர். இங்கேதான் பிழை தொடங்குகின்றது. ஒவ்வோர் அட்டைக்கும் 192.168.16.2 என்பது போன்ற எண்முகவரி உண்டு. சிறு பிணையங்களில் வழக்கமாக முதல் மூன்று எண்கள் தெருவின் பெயர் போன்றவை. இறுதி எண் வீட்டிலக்கம். வழங்கி செய்தியை அனுப்பும்போது, ‘இது எந்தத் தெருவுக்கு உரியது?’ என்று தன் வழிப்பட்டியலைப் பார்த்தே அட்டையைத் தேர்கின்றது. இரண்டு அட்டைகளும் ஒரே தெருவில் இருந்தால் பட்டியலில் இரண்டு விடைகள் கிடைக்கும். இயக்குதளம் அவற்றுள் ஒன்றையே பெரிதும் பற்றிக்கொள்ளும். மற்றது விளக்கு மின்னிக்கொண்டு சும்மா கிடக்கும். ஆதலின் காப்புப்படி அட்டைக்கும் படியை ஏற்கும் கருவிக்கும் 192.168.50 எனத் தொடங்கும் வேறு முகவரிகள் தரவேண்டும். பிரிப்பது எண்ணே, இரும்பன்று.

வெளியுலகுக்குரிய இயல்பு வாயில், அஃதாவது ‘கேட்வே’, ஓர் அட்டைக்கு மட்டுமே தரப்படல் வேண்டும். இரண்டாவதற்கும் தந்தால் விண்டோஸ் தானே எச்சரிக்கின்றது. அவ்வெச்சரிக்கையைப் படியாமல் ‘சரி’ என அழுத்துவோரே மிகுதி!

இரண்டாம் அட்டையை இணையத்தின் பக்கம் திருப்பி, வழங்கியையே காவலாளாக நிறுத்தும் வழக்கமும் இருந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஸ்மால் பிசினஸ் சர்வர் 2003 பதிப்பு இதற்கு இடந்தந்தது. ஒருபுறம் இணையம், மறுபுறம் அலுவலகம், நடுவே வழங்கி. செலவு குறைவுதான். எனினும் மின்னஞ்சலும் கணக்கும் பயனர்களின் கடவுச்சொற் பதிவும் அதே பெட்டியில் இருந்தன. கருவூலத்தையே காவற்கூண்டாக்கியது போன்ற ஏற்பாடு அது. வாயில் உடைந்தால் கருவூலமும் உடைந்ததே. 2008 பதிப்பு இம்முறையைக் கைவிட்டு, ஒரே அட்டையோடு நின்று, காவலைத் தனிக்கருவியிடம் விட்டது. காரணம் எதுவாயினும் முடிவு நன்றே. 2011 பதிப்போடு அப்பெயரே நின்றுவிட்டபோதிலும், பழைய அமைப்பைப் பின்பற்றி இரு அட்டைகளால் காவல் அமைக்க முனைவோர்க்கு இது நினைவிலிருத்தற்குரியது.

அலுவலகத்திற்குள்ளேயே பிரிக்கும் முறை இன்றும் பயனுடையதே. அது உண்மையில் பிரிந்துள்ளதா என்பதை அறிவதும் எளிது. சோதனைப்படி ஒன்றை ஓடவிட்டு, வழங்கியின் இரண்டாம் அட்டையிலுள்ள கம்பியைக் கழற்றுக. படி நின்று, எழுத்தரின் வேலை தொடர்ந்தால் பிரிந்துள்ளது. கம்பியைக் கழற்றிய பின்னும் படி ஓடிக்கொண்டே இருந்தால், அது தொடக்கத்திலிருந்தே அலுவலகக் கம்பியில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்க.