கதவைத் தட்டினால் நீதி கிடைக்குமா?

ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போதும், தேநீர்க் கடையில் செய்தித்தாளைப் புரட்டும்போதும் நம்மிடையே அடிக்கடி எழும் பேச்சு ஒன்றுண்டு. "யார் ஆண்டால் என்ன? அதிகாரிகளுக்குக் கண் இல்லை, வாரியங்களுக்குக் காது இல்லை. வழக்குப் போட்டால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும்" என்பதே அது. இப்பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அது முழு உண்மைதானா? நம் மறைமாவட்ட எல்லைக்குள்ளேயே இதற்கு விடை தேடுவோம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், முதுநகரைத் தாண்டியதும், சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே நீண்டு கிடக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. 1980-களில் உருவான இப்பேட்டையில் மருந்துச் சரக்குகள், சாயங்கள், பூச்சிக்கொல்லிகள் முதலியவற்றைச் செய்யும் ஆலைகள் அமைந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், சோனஞ்சாவடி முதலிய சிற்றூர்கள் அவற்றின் அருகிலேயே உள்ளன. வேலை வந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதனோடு கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் வந்தன. கிணற்று நீர் கெட்டது. ஆற்றை நம்பிய மீனவர்களின் வலை இளைத்தது.

மக்கள் முறையிட்டார்கள். 1998-இல் மாநில மனித உரிமை ஆணையத்தின் தலைவர் நீதிபதி நைனார் சுந்தரம் இப்பகுதியின் நிலையை ஆராய்ந்து எச்சரித்தார். ஓய்வுபெற்ற நீதிபதி ஜெ. கனகராஜ் தலைமையில் இந்திய மக்கள் தீர்ப்பாயம் ஊராரின் சாட்சியங்களைக் கேட்டு 2003-இல் அறிக்கை தந்தது. இவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரக்கூடிய அபாயம் வழக்கத்தினும் 2,000 மடங்கு மிகுதி என நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் கணித்ததாக 2008-இல் செய்தி வெளியானது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் இட்டபோது, கடலூருக்கு 77.45 கிடைத்தது. மிகக் கடுமையாக மாசடைந்த இடங்களின் பட்டியலில் நம் ஊர் இடம்பெற்றது.

"அறிக்கைக்கு என்ன குறை? நடவடிக்கை எங்கே?" என்று வாசகர் கேட்பர். நியாயமான கேள்வியே. 2021 மே 13 அன்று இப்பேட்டையின் பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் நால்வர் உயிரிழந்தனர். 2025 மே மாதத்தில் குடிகாட்டில் ஆலைக் கழிவுநீர்த் தொட்டி ஒன்று வெடித்து, கழிவுநீர் குடியிருப்புக்குள் பாய்ந்தது. எத்தனையோ எச்சரிக்கைகளுக்குப் பின்னும் இவை நிகழ்ந்தன என்றால், கண்காணிக்க வேண்டியவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

எனினும் மற்றொரு பக்கத்தையும் பார்ப்போம். வெறும் நாற்றம் என்று ஒதுக்கப்பட்ட முறையீட்டுக்கு 2004-இல் இவ்வூர் மக்களே சான்று தேடினார்கள். பிளாஸ்டிக் வாளி ஒன்றினுள் பையைப் பொருத்தி, நாற்றம் வீசும் வேளையில் காற்றை அதில் பிடித்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அக்காற்றில் 22 இரசாயனங்கள் இருப்பதாக முடிவு வந்தது. உச்சநீதிமன்றம் அமைத்திருந்த அபாயக் கழிவுகள் கண்காணிப்புக் குழு அதே ஆண்டில் இப்பகுதியைக் கவனித்து, நச்சுக் காற்றைக் கட்டுப்படுத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிவுறுத்தியது. ஆட்பலமும் பணபலமும் இல்லாத ஊரார், ஒரு வாளியைக் கொண்டு பெரிய கதவுகளைத் திறக்கச் செய்தார்கள் அன்றோ?

சட்டமும் ஏழையின் பக்கம் நிற்க வல்லதே. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற நெறியை 1996-இல் உச்சநீதிமன்றம் நிலைநாட்டியது. இந்தியா முழுவதற்கும் பயன்படும் அந்நெறி, தமிழ்நாட்டு மக்களின் விடாமுயற்சியால் விளைந்தது.

நம் ஆண்டவர் சொன்ன உவமை ஒன்றை நினைவுகூர்வோம். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நடுவன் ஒருவன். அவனிடம் நியாயம் கேட்டு ஓயாது வந்துகொண்டிருந்தாள் ஒரு கைம்பெண். நடுவன் நல்லவனாகிவிடவில்லை. ஆயினும் அவளுடைய விடாப்பிடி அவனைத் தீர்ப்பு வழங்க வைத்தது. சோர்ந்துபோகாமல் செபிக்கவேண்டும் என்று கற்பிக்கவே அவ்வுவமை கூறப்பட்டது. அதே கைம்பெண், நீதி கேட்பதிலும் சோர்ந்துபோகலாகாது என்று நமக்குக் காட்டுகிறாள் அல்லவா?

"ஒன்றும் நடக்காது" என்று நாம் சொல்லும்போது, யாருக்கு நன்மை? கடமை தவறியவருக்கே நன்மை. நம் அவநம்பிக்கைதான் அவர்களுக்குக் கிடைக்கும் மலிவான பாதுகாப்பு. வாக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு, பிறகு நீதி இல்லையே என்று வருந்துவதும் பொருந்தாது.

ஆலைகளை மூடிவிடுக என்று நாம் கூறவில்லை. அங்கு வேலை செய்து குடும்பம் காப்போர் நம் சகோதரரே. விபத்து நேர்ந்தால் முதலில் சாவதும் அவர்களே. ஆகவே பாதுகாப்பைக் கேட்பது தொழிலுக்கு விரோதமன்று. தொழிலாளியின் உயிருக்கு ஆதரவு.

குடும்பங்கள் செய்யத்தக்கவை எளியவை. நாற்றமோ புகையோ எழுந்தால் தேதி, நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். புகாரை எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். பதில் வராவிடில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் விவரம் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர அலுவலர் கடமைப்பட்டவர். கிராம சபை கூடும் நாளில் வீட்டில் தங்கிவிடாதீர்கள். அன்பியக் கூட்டங்களில், செபமாலைக்குப் பின், ஊரின் குடிநீரைப் பற்றியும் பத்து நிமிடம் பேசுங்கள். தனி ஒருவர் கொடுக்கும் மனு கோப்பில் உறங்கலாம். ஊரே கையொப்பமிட்ட மனுவை உறங்க வைப்பது கடினம்.

அரசு அலுவலகங்கள் நம்முடையவை. அங்கு அமர்ந்திருப்போரிலும் மனச்சாட்சி உள்ளவர்கள் பலர். நல்லவருக்கு நம் மனு துணையாகும், அலட்சியம் உள்ளவருக்கு அது தூண்டுகோலாகும். காற்றும் நீரும் இறைவன் எல்லாருக்கும் பொதுவாய் அளித்த கொடைகள். அவற்றைக் காக்கச் சோர்வின்றிக் கதவைத் தட்டுவோம். தட்டும் வலிமையை இறைவன் நமக்கு அருள்வாராக!