பிள்ளைகளுக்கு உதவுபவர்களுக்கு என்ன தேவை?



நமது லயங்களில் கொழும்புக்குப் பிள்ளையை அனுப்பாத வீடு குறைவு. வெள்ளவத்தையில் புடவைக்கடை, சாப்பாட்டுக்கடை, கொட்டாஞ்சேனையில் பலசரக்குக்கடை என்று நம்ம பிள்ளைகள் நிற்கிறார்கள். தீபாவளிக்கு வரும்போது முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். மற்ற நாளில் ஒரு கஷ்டம் வந்தால் அதுகள் யாரிடம் போகும்?

இந்த இரண்டு இடமும் தமிழரின் பொதுக்காரியங்களுக்குப் பேர் போனவை. கொட்டாஞ்சேனையிலுள்ள விவேகானந்த சபை 1902 இலும், கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942 இலும் தொடங்கப்பட்டன. தமிழ்ச் சங்கம் இன்று வெள்ளவத்தையில் இருக்கிறது. பெரிய சங்கங்கள் ஒருபுறமிருக்க, பேர் பலகை இல்லாமல் மாலை வகுப்பு, தையல், விளையாட்டு என்று இளைஞருக்காக உழைக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் அங்கே உண்டு. பலர் சம்பளம் வாங்குவதில்லை. இவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டறிவதைத்தான் “தேவை மதிப்பீடு” என்கிறோம். கூரைத் தகடு மாற்றுவதற்கு முன் எந்தக் காம்பராவில் ஒழுகுகிறது என்று பார்ப்போம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

கேட்காமல் விட்டதன் பலனை இந்த நாடு கண்டிருக்கிறது. 1987 முதல் 1989 வரை தெற்கில் நடந்த கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகே, 1989 இல், இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டு, சாட்சியங்களைக் கேட்டு, 1990 இல் அறிக்கை தந்தது. வேலை கொடுப்பதில் அரசியல் தலையீடு, ஆங்கிலம் தெரியாதவர் ஒதுக்கப்படுதல் போன்ற மனக்குறைகள் அதில் பதிவாயின. அங்கே கேட்டது இளைஞரின் குறையை. அவர்களோடு நிற்பவரின் குறையையும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் லீவு நாட்களில் கொழும்புக்குப் போய் இப்படிச் சிலரைச் சந்தித்தேன். முதல் தடவை நான் கேட்ட விதம் பிழை. “பயிற்சி வேண்டுமா? புத்தகம் வேண்டுமா?” என்று வினாக்கொத்து அடித்துக் கொண்டு போனேன். எல்லாரும் எல்லாவற்றுக்கும் “ஆம்” என்று சரி போட்டுக் கொடுத்தார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த தடவை ஒரே கேள்வியைக் கேட்டேன்: “போன மாதம் உதவி கேட்டு வந்த எந்தப் பிள்ளையை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாமல் திருப்பி அனுப்பினீர்கள்?”

கொட்டாஞ்சேனையில் ஒரு அக்கா சொன்னார்: “கடையில ஈ.பி.எப். வெட்டுறாங்களா இல்லையான்னு ஒரு பையன் கேட்டான் சேர். எனக்கே தெரியல.” ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் தொழிலாளியும் 12 வீதம் முதலாளியும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதத்தை முதலாளியே கட்ட வேண்டும். ஈ.பி.எப். கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். இதை விளக்க அரை நாள் வகுப்பு போதும்.

வெள்ளவத்தையில் ஒரு தம்பிக்கு வேறு பிரச்சினை. கடைகள் மூடி பையன்கள் வர இரவு ஒன்பது மணியாகிறது. மண்டபமோ எட்டு மணிக்குப் பூட்டு. அவர் கேட்டது மண்டபத்துச் சாவி ஒன்றுதான்.

இன்னொரு அக்கா நெடுநேரம் பேசாமல் இருந்தார். வீட்டு வேலைக்கு வந்த ஒரு சின்னப் பிள்ளை தொலைபேசியில் அழுததாம். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவர் பல நாள் தூங்கவில்லை. 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குச் சொல்லலாம். அதோடு, இப்படிப்பட்ட பாரத்தைச் சுமப்பவர் மனம்விட்டுப் பேசவும் ஒரு ஆள் வேண்டும். என் வினாக்கொத்தில் அதற்கு ஒரு கேள்வியும் இருக்கவில்லை.

ஆகவே தேவை மதிப்பீடு செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஆசையைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள்.
2. கேள்விகள் குறைவாக, பேசுகிற தமிழில் இருக்கட்டும். முதலில் இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபாருங்கள்.
3. பேர் எழுதச் சொல்லாதீர்கள். பேர் இருந்தால் உண்மை வராது.
4. தலைவரை மட்டும் கேட்காமல், கதவைத் திறந்து பாய் விரிக்கிறவரையும் கேளுங்கள்.
5. கேட்டதில் எது நடக்கும், எது நடக்காது என்று திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நம்ம தோட்டத்திலும் இதே கதைதான். இளைஞர் கழகத்துச் செயலாளர், மாலை வகுப்பு எடுக்கும் தங்கச்சி, பிள்ளை மடுவத்து உத்தியோகத்தர் ஆகியோர் ஒரு நாள் சலித்துப் போய் விட்டுவிட்டால், அடுத்த நாள் அந்தக் கதவைத் திறக்க ஆள் கிடையாது. இந்த ஞாயிறு அவர்களில் ஒருவரைக் கண்டால், “போன மாதம் எது உங்களால் முடியாமல் போச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். சொல்வதைக் குறித்து வைத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கொழும்பிலுள்ள பிள்ளை போன் எடுத்தால், அங்கே உதவிக்கு யாரைத் தெரியும் என்றும் கேளுங்கள். அந்த ஆளின் இலக்கம் ஒன்று நம் வீட்டிலும் இருக்கட்டும்.