தாய் பட்ட பாடு, பிள்ளைக்கு எவ்வளவு?

1998 ஜனவரி 5. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மழை தொடங்கியது. சாதாரண மழை அல்ல, விழுந்த இடத்திலேயே கண்ணாடிபோல் உறைந்துவிடும் மழை. சில நாட்களுக்குள் பனிக்கட்டியின் சுமை தாங்காமல் மின்கம்பிகள் அறுந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் கோபுரங்கள் மடங்கிச் சரிந்தன. நடுக்கும் குளிரில் சுமார் 30 லட்சம் பேர் இருட்டில். சிலருக்கு மின்சாரம் வரச் சில மணி நேரம். சிலருக்கு ஒரு மாதத்துக்கும் மேல்.

அவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தனர். மான்ட்ரியல் நகர ஆராய்ச்சியாளர் சூசன் கிங்கின் கவனம் அவர்கள் மீது விழுந்தது. கர்ப்பிணிகளை வேண்டுமென்றே வதைத்துச் சோதனை செய்ய முடியாது. கஷ்டப்படுகிற பெண்களைத் தேடிப் போனாலோ வறுமை, குடும்பச் சண்டை, பரம்பரை எல்லாம் கலந்து குழப்பும். இங்கோ இயற்கையே சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தது.

அதே ஆண்டு ஜூனில் கேள்வித்தாள்கள் போயின. எத்தனை நாள் மின்சாரம் இல்லை? வீட்டை விட்டுப் போக நேர்ந்ததா? நஷ்டம் எவ்வளவு? இது ஒரு கணக்கு. மனம் எவ்வளவு கலங்கியது என்பது தனிக் கணக்கு. கிங் செய்த புத்திசாலித்தனமான காரியம் இந்தப் பிரிவினைதான்.

பிறந்த குழந்தைகளுக்கு இரண்டு வயதானபோது சோதித்தார்கள். தாய் அதிகம் அவதிப்பட்டிருந்தால் பிள்ளையின் அறிவுத்திறன் மதிப்பெண்ணும் பேச்சும் சற்றுப் பின்தங்கியிருந்தன. ஐந்தரை வயதிலும் வித்தியாசம் தெரிந்தது. 13 வயதில் 36 பிள்ளைகளின் ரத்த அணுக்களை ஆராய்ந்தபோது மரபணுக்கள் மீதான ரசாயன அடையாளங்களே மாறியிருந்தன. அந்த மாற்றம் ஒத்துப்போனது தாயின் கலக்கத்தோடு அல்ல, அவர் இருட்டிலும் அலைச்சலிலும் பட்ட பாட்டோடு.

எப்படி? முதல் சந்தேகம் கார்ட்டிசால் மீது. பதற்றத்தில் அட்ரீனல் சுரப்பி கொட்டும் ஹார்மோன். ஆனால் இது வெறும் வில்லன் அல்ல. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் உடம்பில் தானாகவே பல மடங்கு ஏறுகிறது. சிசுவின் நுரையீரல் முதிர்வதற்கே இது தேவை. குறைப்பிரசவ ஆபத்து என்றால் மருத்துவர்கள் இதே வகை மருந்தைத் தாய்க்கு ஊசியாகப் போடுகிறார்கள். நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் 1972இல் காட்டிய வழி அது. மற்ற நேரங்களில் நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு என்ஸைம் காவல்காரன்போல் நின்று, தாயின் கார்ட்டிசாலில் பெரும்பகுதியைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. நீடித்த நெருக்கடியில் இந்தக் காவல் தளரக்கூடும் என்பது கருத்து.

கதை இத்தோடு முடிந்தால் சுலபம். 2001 செப்டம்பர் 11 நியூயார்க் தாக்குதலை நேரில் அனுபவித்த 38 கர்ப்பிணிகளையும் அவர்களுடைய குழந்தைகளையும் ரேச்சல் யெஹூடா குழுவினர் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டனர். அதிர்ச்சி நோய் பிடித்த தாய்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் குறைவு. ஒரு வயதுக் குழந்தைகளிடமும் குறைவு! தவிர, 'மனசே சரியில்லை' என்று சொல்லும் கர்ப்பிணியின் ரத்தத்தில் கார்ட்டிசால் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஹார்மோன் ஒரு கண்ணிதான், முழுச் சங்கிலி அல்ல.

ஆகவே, கர்ப்பிணியைப் பார்த்து 'கவலைப்படாதே, பிள்ளைக்கு ஆகாது' என்று உபதேசிப்பவர்கள் கொஞ்சம் நிறுத்தலாம். கவலையோடு குற்ற உணர்வும் சேர்வதுதான் மிச்சம். கியூபெக் பிள்ளைகளின் மதிப்பெண்களும் பெரும்பாலும் இயல்பான வரம்புக்குள்தான் இருந்தன.

உபதேசத்தைவிட உதவி பலன் தரும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் சான்று கிடைத்தது. 2011 ஜனவரியில் குயின்ஸ்லாந்தை வெள்ளம் மூழ்கடித்தபோது கிங்கும் சகாக்களும் அங்கேயும் கர்ப்பிணிகளைத் தொடர்ந்தனர். சிலரைப் பரிசோதனைக்குப் பரிசோதனை வேறுவேறு ஆட்கள் கவனித்தனர். சிலருக்கோ ஆரம்பம் முதல் பிரசவத்துக்குப் பிறகு வரை பழகிய ஒரே மருத்துவச்சி. வெள்ளத்தில் கலங்கிய தாய்களில், முதல் வகையினரை பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு கூடுதலாக வாட்டியது. பழகிய மருத்துவச்சி இருந்தவர்களிடம் அப்படி ஏறவில்லை. ஆறு மாதத்தில் அவர்களுடைய குழந்தைகளின் வளர்ச்சியிலும் அந்தத் துணையின் பலன் தெரிந்தது.