எல்லை அதிகாரிமீது யாரிடம் முறையிடுவது?

கனடாவின் கூட்டரசுக் காவல்படையான ஆர்.சி.எம்.பி.யைச் சேர்ந்த ஒருவர் தகாத முறையில் நடந்துகொண்டால், அந்தப் படைக்கு வெளியே உள்ள ஓர் ஆணையத்திடம் முறையிடலாம். 1988 முதல் அந்த வழி இருக்கிறது. ஆனால் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் எல்லைச் சேவைகள் முகமை அதிகாரிமீது குறை இருந்தால், அவருக்குச் சம்பளம் கொடுக்கும் அதே முகமைக்குத்தான் இத்தனை காலமும் எழுத வேண்டியிருந்தது. அவர்களே விசாரிப்பார்கள், அவர்களே பதில் அனுப்புவார்கள். அந்தப் பதிலில் திருப்தி இல்லையென்றால் அதற்கு மேல் போகத் தனி அமைப்பு எதுவும் கிடையாது. முகமை உருவானது 2003 டிசம்பரில். அதன்மீது வரும் புகார்களைப் பரிசீலிக்க வெளியாணையம் ஒன்றை அமைக்கும் சட்டம் ஒப்புதல் பெற்றது 2024 அக்டோபர் 31 அன்று. இடைப்பட்ட ஏறத்தாழ 21 ஆண்டுகளில் அந்த அதிகாரிகளுக்குத் துப்பாக்கி வந்தது. அதிகாரமும் பொறுப்பும் பெருகின. அவர்களைக் கேள்வி கேட்கும் வழி மட்டும் வரவில்லை. எல்லையில் மோசமாக நடத்தப்பட்டவரின் புகாரை அந்த எல்லையைக் காக்கும் துறையிடமே ஒப்படைத்தால் அது புகாரே அல்ல, விண்ணப்பம்தான். இதைக் கனடாவின் அனுபவமே தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் அந்தக் கவுன்டரில் நிற்பவரின் நிலையைப் பார்க்க வேண்டும். படிப்பு அனுமதியோடு வந்த மாணவர், கணவரின் ஸ்பான்சரில் வந்த மனைவி, அகதிக் கோரிக்கை வைக்கப்போகிறவர் என யாராக இருந்தாலும், எதிரே இருப்பவர் உள்ளே விடவும் மறுக்கவும், விசாரணையைத் தள்ளிவைக்கவும், தடுப்புக்காவலுக்கு அனுப்பவும் கூடியவர். அன்றோடு உறவு முடிந்துவிடுவதும் இல்லை. அகதி வாரியத்தில் ஒருவரின் கோரிக்கையை எதிர்த்து வாதிடுவதும், தோற்றால் நாடு கடத்துவதும் இதே முகமையின் வேலைகள். அப்படிப்பட்ட இடத்துக்கு ‘உங்கள் அதிகாரி என்னை அவமதித்தார்’ என்று எழுதிப்போட எத்தனை பேருக்குத் துணிவு வரும்? புகார் எழுதினால் கோப்பில் கரும்புள்ளி விழும் என்ற அச்சம் ஆதாரமற்றதாகக்கூட இருக்கலாம். ஆனால் அச்சத்துக்கு ஆதாரம் தேவையில்லை. ஆகவே ‘புகார்கள் குறைவாகத்தானே வருகின்றன’ என்று ஒரு துறை சொல்வதை நன்னடத்தைச் சான்றிதழாக ஏற்க முடியாது. சொல்ல வேண்டியவர்கள் வாய் திறக்க முடியாத இடத்தில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும்.

துணிந்து எழுதியவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு அண்டை நாடான அமெரிக்காவில் ஒரு கணக்கு இருக்கிறது. 2009 ஜனவரி முதல் 2012 ஜனவரி வரை எல்லை ரோந்துப் படைமீது வந்த 809 புகார்களின் விவரங்களை, தகவல் அறியும் சட்டத்தின்கீழ் போராடிப் பெற்று, அமெரிக்கன் இமிக்ரேஷன் கவுன்சில் 2014-ல் வெளியிட்டது. முடிவு எட்டப்பட்ட புகார்களில் 97 சதவீதத்துக்கு எழுதப்பட்டிருந்த தீர்ப்பு ‘நடவடிக்கை இல்லை’ என்பதே. சுமார் 40 சதவீதப் புகார்கள் அப்போதும் விசாரணையிலேயே கிடந்தன. அடித்தார்கள், தகாத முறையில் தொட்டார்கள் என்பவையெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றில் பாதிக்குமேல் பொய் என்றே வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றேழும் பொய் என்று நம்ப யாராலும் முடியாது. துறை தன் ஆட்களைத் தானே விசாரித்ததில் கிடைத்த விளைவு அது.

பிரபலங்களுக்கு வேறு வாசல் இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2012-ல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேசப் போன நடிகர் ஷாருக் கானை நியூயார்க் அருகே ஒரு விமான நிலையத்தில் அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் நிறுத்தி வைத்தபோது இந்திய வெளியுறவு அமைச்சரே கண்டித்துப் பேசினார், அமெரிக்கத் தரப்பு மன்னிப்புக் கேட்டது. ஒரு நாட்டு அரசாங்கம் பின்னால் நின்றதால் கிடைத்த மன்னிப்பு அது. தன் அரசாங்கத்திடமிருந்தே தப்பி வந்த அகதிக்கு யார் பின்னால் நிற்பார்கள்?

கனடாவில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு முகம் கிடைத்தது 2007-ல். கனடாவில் இருந்த தாயுடன் வாழப் போலந்திலிருந்து குடியேற வந்த ராபர்ட் ஜெகான்ஸ்கி, அக்டோபர் 13 அன்று வான்கூவர் விமான நிலையத்தில் இறங்கினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சுங்கப் பகுதியை விட்டு வெளியே வர வழி தெரியாமல், வழிகாட்ட ஆளும் இல்லாமல், ஏறத்தாழ பத்து மணி நேரம் உள்ளேயே இருந்தார். வெளியே காத்திருந்த தாய், மகன் அங்கு இல்லை என்ற பதிலைக் கேட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் அதிகாலையில், களைத்துக் குழம்பிப் பொருட்களைத் தூக்கி வீசிக்கொண்டிருந்தவரிடம் வந்த ஆர்.சி.எம்.பி. காவலர்கள் டேசர் மின்னதிர்ச்சிக் கருவியை ஐந்து முறை பயன்படுத்தினார்கள். அங்கேயே இறந்தார். காவல்படை முதலில் சொன்ன கதை வேறு. அங்கிருந்த பயணி ஒருவர் எடுத்த வீடியோதான் அதைப் பொய்யாக்கியது. அந்த வீடியோவையும் காவல்துறை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுத்ததால், அதைத் திரும்பப் பெற அவர் நீதிமன்ற நடவடிக்கையில் இறங்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் முன்னாள் நீதிபதி தாமஸ் பிரெய்ட்வுட் தலைமையில் அமைத்த பொது விசாரணை 2010-ல் வெளியிட்ட அறிக்கை, அந்த இரவை மணிக்கணக்காகப் பிரித்து வைத்தது. டேசரை இயக்கிய கைகள் எல்லை முகமையுடையவை அல்ல என்பது உண்மை. ஆனால் ஒரு புதிய குடியேறி ஏறத்தாழ பத்து மணி நேரம் வழிகாட்ட ஆளின்றித் தவித்தது அந்த முகமையின் வளாகத்தில்தான். குடிவரவுக் கூடங்களில் படம் எடுக்கக் கூடாது என்பது பொதுவாக எங்கும் உள்ள விதி. ஆக, பயணி சொல்வதற்கு எதிராக அதிகாரி சொல்வது மட்டுமே மிஞ்சும் இடம் அது. அப்படிப்பட்ட இடத்தில் கேமராப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் கொண்ட வெளியாள் ஒருவர் இல்லாவிட்டால் உண்மை வெளிவர அதிர்ஷ்டம் வேண்டும்.

2013 டிசம்பரில், வான்கூவரில் ரயில் கட்டணம் தொடர்பாகப் பிடிபட்டு எல்லை முகமையிடம் ஒப்படைக்கப்பட்ட மெக்சிகோப் பெண் ஒருவர், விமான நிலையத்தின் தடுப்பறையில் தூக்கிட்டுக்கொண்டு, பிறகு மருத்துவமனையில் இறந்தார். அவர் இறந்த செய்தியே ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துத்தான் பொதுமக்களுக்குத் தெரிந்தது. முகமையாகச் சொல்லவில்லை, வெளியே கசிந்தது. 2014-ல் நடந்த மரண விசாரணையின் ஜூரிகள் தந்த பரிந்துரைகளில், முகமையின் காவலில் நடக்கும் இத்தகைய சம்பவங்களைச் சுதந்திரமான சிவில் அமைப்பு விசாரிக்க வேண்டும் என்பதும் ஒன்று.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான நிகழ்வு 2010-ல் நடந்தது. அந்த ஆகஸ்டில் சன் சீ கப்பல் 49 குழந்தைகள் உட்பட 492 ஈழத்தமிழர்களோடு பிரிட்டிஷ் கொலம்பியக் கரையை அடைந்தது. அவர்களில் பலர் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள். தடுப்புக்காவல் சரியா என்பதை 48 மணி நேரத்துக்குள்ளும், அடுத்த ஏழு நாட்களுக்குள்ளும், பின்னர் முப்பது நாட்களுக்கு ஒருமுறையும் குடிவரவு, அகதி வாரியம் பரிசீலித்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பரிசீலனை கேட்பது ஒரே கேள்வியை: இவரை விடலாமா, கூடாதா? எப்படி விசாரித்தார்கள், என்ன தொனியில் பேசினார்கள், எத்தனை முறை ஒரே கேள்வியைக் கேட்டு மிரட்டினார்கள் என்று கேட்க அங்கே இடமில்லை. அந்தக் கப்பலில் வந்த சிலரின் வழக்கில், அகதிகளாகத் தப்பும்போது ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதை ஆட்கடத்தலாகக் கருத முடியாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2015-ல் சொன்னது. சட்டம் பற்றிய பிழை அப்படி ஐந்தாண்டுகள் கழித்தாவது திருத்தப்பட்டது. நடத்தை பற்றிய புகாருக்கு அந்தப் படிக்கட்டும் இருக்கவில்லை.

இந்தக் குறையை யாரும் சுட்டிக்காட்டவில்லை என்று அரசு சொல்ல முடியாது. கனடியக் குடிமகனான மாஹேர் அரார், கனடிய அதிகாரிகள் கொடுத்த தவறான தகவலும் காரணமாக, நியூயார்க்கில் பிடிக்கப்பட்டு சிரியாவுக்கு அனுப்பப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். அதை விசாரித்த நீதிபதி டென்னிஸ் ஓ’கானர், எல்லை முகமையையும் சுதந்திரமான பரிசீலனையின்கீழ் கொண்டுவர வேண்டும் என்று 2006-லேயே பரிந்துரைத்தார். செனட்டர் வில்பிரட் மூர் கொண்டுவந்த தனிநபர் மசோதா செனட்டைத் தாண்டியது, மக்களவையில் நின்றது. 2019 மே மாதம் அரசே ஒரு மசோதா கொண்டுவந்தது. தேர்தல் வந்து அது காலாவதியானது. 2020 ஜனவரியில் இன்னொன்று. ஆகஸ்டில் கூட்டத்தொடர் முடித்து வைக்கப்பட்டதால் அதுவும் போனது. 2022 மே மாதம் வந்த சி-20 என்ற மூன்றாவது மசோதாதான் இரண்டரை ஆண்டு கழித்துச் சட்டமானது. எந்தக் கட்சியும் இதைப் பெரிதாக எதிர்க்கவில்லை. இதற்காக அவசரப்பட யாருக்கும் காரணம் இல்லாமல் போனதுதான் நடந்தது. மோசமாக நடத்தப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை இல்லை.

எதிர்வாதங்களில் முதலாவது பாதுகாப்பு. போதைப்பொருளும் ஆயுதமும் நுழையாமல் தடுக்க வேண்டிய அதிகாரிக்கு நொடிகளில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, தலைக்குமேல் ஒரு விசாரணை ஆணையம் தொங்கினால் கை நடுங்கும் என்கிறார்கள். அந்த வேலையின் கடுமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயிரக்கணக்கான முகங்களில் பொய் சொல்லும் ஒன்றைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஆனால் தெருவில் கத்தியோடு நிற்பவனை எதிர்கொள்ளும் காவலருக்கும் அதே நொடிகள்தான். அவர்மீது புகார் விசாரிக்கும் ஆணையம் 1988 முதல் இருந்தும் கனடாவில் காவல்பணி நின்றுவிடவில்லை. மேலும், பெட்டியைச் சோதிப்பதையோ சந்தேகப்படுவதையோ யாரும் குறை சொல்லவில்லை. சோதிக்கும்போது ஏளனம் செய்வது, பெயரையும் நிறத்தையும் வைத்துத் தனியே அழைப்பது, மொழிபெயர்ப்பாளரைத் தர மறுப்பது ஆகியவற்றால் எந்தக் கடத்தல்காரனும் பிடிபடப் போவதில்லை.

இரண்டாவது வாதம், நீதிமன்றம் இருக்கிறதே என்பது. கேட்க நியாயமாக இருக்கும் இந்த வாதம்தான் எல்லாவற்றிலும் பலவீனமானது. எல்லைச் சோதனை பற்றிக் கனடாவின் முக்கியத் தீர்ப்புகளை எடுத்துப் பாருங்கள். எல்லையில் எதிர்பார்க்கக்கூடிய தனியுரிமை குறைவு என்று சொன்ன 1988-ன் சிம்மன்ஸ் வழக்கு, உடையைக் களைந்து சோதித்ததில் போதைப்பொருள் அகப்பட்டவருடையது. எந்த முகாந்திரமும் இல்லாமல் கைபேசியைத் துழாவ அனுமதித்த சட்டப்பிரிவு செல்லாது என்று ஆல்பர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-ல் சொன்ன கேன்ஃபீல்ட் வழக்கும் சாதனத்தில் குற்ற ஆதாரம் கிடைத்தவர்களுடையதுதான். அதாவது, ஏதாவது அகப்பட்டு வழக்குப் போட்டால்தான் சோதனை முறையானதா என்று ஒரு நீதிபதி பார்க்கிறார். உடையைக் களைந்தும் ஒன்றும் கிடைக்காமல் ‘போகலாம்’ என்று அனுப்பப்பட்ட நிரபராதிக்கு நீதிமன்றத்தில் வழக்கே உருவாவதில்லை. அவராக வழக்குத் தொடுக்கலாம்தான். அதற்குப் பணமும் வழக்கறிஞரும் நாட்டில் தங்க அனுமதியும் வேண்டும். விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டவரிடம் இவற்றில் எதுவும் இருக்காது.

நாட்டுக்குள் வருவது உரிமையல்ல, சலுகை. சலுகை கேட்டு வருபவர் புகார் சொல்வதா என்பது மூன்றாவது வாதம். இதற்குக் கனடா 1985-லேயே பதில் சொல்லிவிட்டது. சிங் வழக்கில், அந்த மண்ணில் கால் வைத்திருக்கும் எவருக்கும், குடிமகன் அல்லாதவருக்கும், உயிர், சுதந்திரம், பாதுகாப்பு பற்றிய சாசன உரிமை பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவிர, அதே கவுன்டரில்தான் கனடியக் குடிமக்களும் நிற்கிறார்கள். அவர்கள் நுழைவது சலுகை அல்ல. இனி, பொய்ப் புகார்கள் குவியும் என்று சொல்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வெளியாணையம் ‘அதிகாரிமீது தவறில்லை’ என்று சொன்னால் ஊர் நம்பும். துறை தன்னைப் பற்றித் தானே அப்படிச் சொன்னால் நேர்மையான அதிகாரியின் பெயரும் சந்தேகத்திலேயே கிடக்கும்.

வெளியாள் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதற்கு ஆஸ்திரேலியா உதாரணம். விவியன் அல்வாரெஸ் சோலோன் என்ற ஆஸ்திரேலியக் குடிமகளை அந்நாட்டுக் குடிவரவுத் துறை 2001-ல் பிலிப்பைன்சுக்கு நாடு கடத்திவிட்டது. கோர்னேலியா ராவ் என்ற ஆஸ்திரேலியவாசி மனநலம் பாதிக்கப்பட்ட நிலையில் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார். 2005-ல் இவை வெளிவந்தபின், சட்டவிரோதமாகத் தங்கியவர்கள் என்று கருதித் தடுத்து வைக்கப்பட்டுப் பிறகு விடுவிக்கப்பட்ட சுமார் 247 பேரின் கோப்புகள் ஓம்புட்ஸ்மன் என்ற சுதந்திரக் குறைதீர் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டன. வருடக்கணக்கில் துறையின் அலமாரியிலேயே இருந்த கோப்புகள்தான் அவை. இரண்டு பெண்களின் கதை ஊடகங்களில் வெடித்திராவிட்டால் அவற்றை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே கனடாவின் புதிய சட்டத்தை நான் வரவேற்கிறேன், முழுமனதோடு அல்ல. புகார் புதிய ஆணையத்திடம் கொடுக்கப்பட்டாலும் முதல் விசாரணை பொதுவாக முகமையிடமே போகும். அதன் முடிவில் நிறைவில்லாதவர்தான் ஆணையத்தின் பரிசீலனையைக் கேட்க வேண்டும். பழைய அச்சம் முதல் படியிலேயே காத்திருக்கிறது. ஆணையத்தின் பரிந்துரைகள் முகமையைக் கட்டுப்படுத்தாது. இடைக்கால அறிக்கைக்கு ஆறு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற கெடு மட்டும் உண்டு. இன அடிப்படையிலான தரவுகளைத் திரட்டி வெளியிட வேண்டும் என்பது உண்மையான முன்னேற்றம். யாரைத் தனியறைக்கு அழைக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஊகத்தை விட்டு எண்ணால் பதில் கிடைக்கும். ஆனால் அந்த எண் சரியாக வர, புகார் கொடுப்பவரின் குடிவரவுக் கோப்பைக் கையாளும் அதிகாரிக்கு அந்தப் புகார் தெரியாதபடி இரண்டும் பிரிக்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவர் பயந்தால் உறவினரோ சமூக அமைப்போ கொடுக்கும் புகாரையும் தட்டிக்கழிக்காமல் ஏற்க வேண்டும். ஆணையத்தின் முகவரி குடிவரவுக் கூடத்தின் சுவரிலேயே, தமிழ் உட்பட அங்கு வருவோரின் மொழிகளில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

பயணிக்கும் சில வேலைகள் உண்டு. அதிகாரியின் உடையில் உள்ள பேட்ஜ் எண்ணையும், நேரத்தையும், எந்த கவுன்டர் என்பதையும் அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். ‘என்னை உள்ளே விடவில்லை’ என்ற முடிவையும், ‘என்னிடம் இப்படிப் பேசினார்’ என்ற நடத்தையையும் ஒரே கடிதத்தில் கலந்துவிட்டால், முதலாவதற்குப் பதில் எழுதி இரண்டாவதை விட்டுவிடுவது துறைக்கு எளிது. தன்னைப் பற்றி முகமை வைத்திருக்கும் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமை, கனடாவுக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டவருக்கும் 2022 ஜூலை முதல் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்டவர் யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருந்தபடியே அந்தக் குறிப்புகளைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதிகாரி அன்று என்ன எழுதி வைத்தார் என்பதைப் பார்த்துவிட்டுத் தன் புகாரை எழுதலாம்.