சாதகம் கேளாத அன்பு

இலண்டன் கிங்ஸ்பரியில் எம்மவர் வீடொன்றில் திருமணப் பேச்சு எழுந்தால் முதலில் மேசைக்கு வருவது சாதகக் குறிப்பு, அடுத்து ஊர், அதன்பின், குரலைத் தாழ்த்திக்கொண்டு, சாதி. இங்கு வளர்ந்த பிள்ளை தானே ஒருவரை விரும்பிவிட்டதாகச் சொன்னால், அது எமது சமயத்துக்கும் பண்பாட்டுக்கும் ஒவ்வாதது என்ற தீர்ப்பு உடனே கிடைத்துவிடும். அத்தீர்ப்புக்கு எமது நூல்களில் ஆதாரம் உண்டா?

விடையின் ஒரு பகுதி ரயிலிலேயே வந்தது. கிங்ஸ்பரி ஊடாகச் செல்லும் ஜூபிலி வழித்தடம் இலண்டன் நிலக்கீழ் ரயில் சேவையைச் சேர்ந்தது. அச்சேவையின் பெட்டிகளில் விளம்பரங்களுக்கு இடையே கவிதைகளை ஒட்டும் திட்டம் 1986 இல் தொடங்கியது. அவ்வாறு இடம்பெற்றவற்றுள் குறுந்தொகையின் 40 ஆம் பாடலும் ஒன்று, ஆங்கிலமாக்கியவர் ஏ. கே. இராமானுஜன். பெற்றோரிடையே எவ்வித உறவுமில்லாத இருவர் நெஞ்சாற் கலந்துவிட்டதை வியக்கும் பாடல் அது. பாடியவரின் இயற்பெயர்கூட எமக்குக் கிட்டவில்லை. பாடலின் உவமையே செம்புலப்பெயனீரார் என அவருக்குப் பெயராயிற்று. வேற்றினத்தார் நின்றுகொண்டே வாசித்த அப்பாடலை எம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம்?

இதனை ஒரு புலவரின் உணர்ச்சி வேகம் என்று தள்ளிவிடவும் இயலாது. தொல்காப்பியம் களவியலின் தொடக்கத்திலேயே இருவரும் எதிர்ப்படுவதற்கு ஊழின் ஆணையைக் காரணமாகக் கூறுகிறது. அக்கூட்டத்தை எட்டு மணங்களுள் கந்தருவத்துக்கு ஒப்பிடுகிறது. களவுக்கு இலக்கணம் கூறும் இறையனார் அகப்பொருளையோ சிவபெருமானே அருளியதாக மரபு போற்றுகிறது. வடமொழியில் பவபூதியும், அன்பு புறக்காரணங்களைப் பற்றி நிற்பதன்று, உள்ளே மறைந்துள்ள ஏதோவொன்றே இருவரைப் பிணைக்கிறது என்று உத்தரராமசரிதத்தில் உணர்த்துகிறார்.

மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. மனு கந்தருவத்தைக் காமத்திற் பிறந்த மணம் என்றார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் தலைமக்களுக்குப் பத்து ஒப்புமைகளை வகுக்கிறது. பிறப்பும் குடிமையும் அங்கே முதலில் நிற்கின்றன. பெற்றோர் இவற்றைக் காட்டி வாதிடலாம்; வாதிடட்டும். ஆனால் அதே பத்தினுள் அருளும் உணர்வும் உள்ளன. எமது கல்யாணப் பேச்சுக்களில் அவற்றை எவரும் விசாரிப்பதில்லை. சாதகப் பொருத்தமோ அந்தப் பத்தில் இல்லவே இல்லை.

இங்கிலாந்தில் கட்டாயத் திருமணம் 2014 முதல் தண்டனைக்குரிய குற்றம். எமது இலக்கணம் அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது. கொடுப்பதற்குரிய பெற்றோர் கொடாதவிடத்தும், உடன்போன இருவருக்கு மணச்சடங்கு உண்டு என்கிறது கற்பியல். மண்டபத்தில் பெற்றோரின் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தாலும் அச்சடங்கு செல்லும்.